திங்கட்கிழமை மாலை ஐந்து மணி: லைப்சிக் நிக்கோலாய் ஆலயம், ஒரு நிகழ்வு ஆய்வு

1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் ஆலயத்தின் சமாதான ஜெபம் வழக்கம்போல மாலை ஐந்து மணிக்கு. ஆனால் பிற்பகலிலேயே கீழ்த்தளப் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சபையார் அல்லர். இடத்தை அடைத்துக்கொள்ளச் சொல்லி ஆளுங்கட்சி அனுப்பிய சுமார் 600 கட்சிக்காரர்கள். போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் அவர்களை வரவேற்றார். மாடியை மட்டும் திறக்கவில்லை. உழைக்கும் மக்கள் நாலு மணிக்கு மேல்தான் வர முடியும், அவர்களுக்கும் இடம் வேண்டுமல்லவா என்று தொழிலாளர் கட்சிக்காரர்களிடமே காரணம் சொன்னார்.

அன்றிரவு எழுபதாயிரம் பேருக்கு மேல் நகரின் சுற்றுச்சாலையில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. இதை ‘ஜெபம் சுவரை இடித்த கதை’ என்று மேடைகளில் சொல்வதுண்டு. அந்தக் கதையில் சபை தடுமாறிய ஆண்டும் வராது, வெற்றிக்குப் பிறகு பெஞ்சுகள் காலியானதும் வராது. திறக்காமல் வைத்த மாடி போன்ற சின்ன ஏற்பாடுகளும் வராது. நாம் பார்க்க வேண்டியவை அவைதாம்.

லைப்சிக் என்ற பெயர் தமிழ் லுத்தரன் குடும்பங்களுக்குப் பழக்கமானது. 1836இல் டிரெஸ்டனில் தொடங்கி 1848இல் லைப்சிக்குக்கு இடம் மாறிய மிஷன்தான் தரங்கம்பாடியின் பழைய பணியைத் தொடர்ந்தது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சபைக்குள் சாதி வழக்கங்களை மற்ற புராட்டஸ்டண்டு மிஷன்களைவிடக் கூடுதலாகப் பொறுத்துப்போனதும் இதே மிஷன்தான். அந்த ஊர்க் கிறிஸ்தவத்துக்குத் துணிச்சல் பிறவியிலேயே வந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

சுருங்கிய சபை, மிஞ்சிய கூரை

1950 வாக்கில் கிழக்கு ஜெர்மானியர் பத்தில் எட்டுப் பேர் புராட்டஸ்டண்டு சபை உறுப்பினர்கள். 1989இல் ஏறக்குறைய நாலில் ஒருவர். யாரும் ஆலயங்களை இழுத்துப் பூட்டவில்லை. அரசு செய்தது இன்னும் நுட்பமான வேலை. பதினாலு வயதில் பிள்ளைகள் சபையில் திடப்படுத்தல் பெறும் வழக்கத்துக்குப் போட்டியாக, 1955 முதல் அரசு தன் சொந்த உறுதியேற்பு விழாவை நடத்தியது. அதற்குப் போகாத பிள்ளைக்கு மேல்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் எட்டாக்கனி. பெற்றோர் கணக்குப் போட்டார்கள். ஒரே தலைமுறையில் திடப்படுத்தல் சிறுபான்மையினரின் வழக்கமாகிவிட்டது.

சபைத் தலைமையும் ஒரு கணக்குப் போட்டது. 1969இல் கிழக்குச் சபைகள் மேற்கு ஜெர்மன் சபைகளிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு கண்டன. 1971இல் ‘சோஷலிசத்துக்குள் திருச்சபை’ என்ற நிலைப்பாட்டை எடுத்தன: இந்தச் சமூகத்துக்கு எதிராகவோ அதற்கு வெளியிலோ அல்ல, அதற்குள். 1978 மார்ச் 6 அன்று பேராயர் ஆல்பிரெஹ்ட் ஷோன்ஹெரும் ஆட்சித் தலைவர் எரிஹ் ஹோனெக்கரும் சந்தித்துப் பேசினார்கள். சமரசம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். சமரசம்தான். ஆனால் அதனால், கட்சியின் நேரடிப் பிடிக்கு வெளியே நாடு முழுக்கக் கட்டடமும் அச்சு வசதியும் ஆள்பலமும் கொண்ட ஒரே பெரிய அமைப்பாகச் சபை மிஞ்சியது. பிடிக்கு வெளியே என்றாலும் கண்ணுக்கு வெளியே அல்ல. உளவுத்துறையான ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர்கள் சபை அலுவலகங்களிலும் இருந்தார்கள்.

நடைமுறையில் இரண்டு சந்துகள் திறந்திருந்தன. பொதுக்கூட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், ஆனால் ஆலயத்துக்குள் நடக்கும் ஆராதனைக்கு வேண்டாம். அச்சிட அனுமதி வாங்க வேண்டும், ஆனால் ‘சபையின் உள் உபயோகத்துக்கு மட்டும்’ என்று தலைப்பில் போட்டு ஸ்டென்சில் எந்திரத்தில் உருட்டும் தாளைச் சபை தன் பொறுப்பில் ஓட்டிக்கொள்ளலாம். எண்பதுகளில் சுற்றுச்சூழல், மனித உரிமை என்று பேசிய துண்டிதழ்கள் பலவற்றின் நெற்றியிலும் இந்த வரி இருந்தது.

மூன்றாவது சந்து ஒன்றையும் ஒருவர் கண்டுபிடித்தார். லைப்சிக் அடங்கிய சாக்சனிப் பகுதியின் இளைஞர் பணிப் போதகர் ஹரால்ட் பிரெட்ஷ்னைடர், 1980 நவம்பரில் நடந்த முதல் சமாதானப் பத்து நாள் நிகழ்வுக்காக, மீகா 4ஆம் அதிகாரத்தின் ‘பட்டயங்களை மண்வெட்டிகளாக’ என்ற கருத்தைப் படத்தோடு அச்சிட நினைத்தார். தாளில் அடித்தால் அனுமதி வேண்டும். துணியில் அடித்தால் அது அச்சு அல்ல, துணிக்கு மெருகூட்டும் வேலை! ஹெர்ன்ஹூட்டில் நெய்யாத் துணியில் இலட்சக்கணக்கில் அச்சானது, முதலில் புத்தகக் குறியாக, அடுத்த ஆண்டு சட்டையில் தைக்கும் வட்டத் துண்டாக. அதில் இருந்த படமோ சோவியத் ஒன்றியமே 1959இல் ஐ.நா. சபைக்குக் கொடுத்த சிலை: பட்டயத்தைச் சம்மட்டியால் அடிக்கும் கொல்லன். போலீஸ் அதைக் கிழிக்கச் சொன்னபோது, கிழித்த இடத்தில் ‘இங்கே ஒரு கொல்லன் இருந்தான்’ என்று எழுதிக்கொண்டு திரிந்த பையன்கள் உண்டு.

ஜெபம் எப்படி நடந்தது

நிக்கோலாய் ஆலயத்தில் வாராந்தர சமாதான ஜெபம் 1982 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. புறநகர்ச் சபை ஒன்றின் இளைஞர் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் வந்த ஏற்பாடு அது. திங்கள், மாலை 5 மணி. நேரத்தைத் தேர்ந்ததில் அர்த்தம் இருந்தது: வேலை விட்டு, வீட்டுக்குப் போகும் டிராமைப் பிடிக்கும் முன் நகர நடுவில் ஒரு மணி நேரம். கோடைப் பள்ளி விடுமுறையைத் தவிர ஏழு ஆண்டுகள் அந்த நேரம் மாறவில்லை. சில திங்கள்களில் பத்துப் பேர்கூட வரவில்லை. ‘ஆள் வரவில்லை, அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடலாம்’ என்று எந்தச் சபைக் கமிட்டியும் முடிவெடுக்கக்கூடிய நிலை. இங்கே நிறுத்தவில்லை. 1989இல் ஊருக்குச் சொல்லியனுப்பத் தேவையில்லாமல் போனதற்கு இதுதான் காரணம். நேரமும் இடமும் எல்லோருக்கும் மனப்பாடம். துண்டறிக்கையைப் பிடுங்கி என்ன பயன்?

அமைப்பு எளிமையானது. வரவேற்பு, பாட்டு, அந்த வாரத்துக் குழு தரும் செய்தி, வேதவாசிப்பு, விளக்கம், மன்றாட்டு, ஆசீர்வாதம். வாரத்துக்கு ஒரு குழு என்று முறை வைத்து நடத்தினார்கள். ஆற்றுமாசு பற்றிப் பேசும் குழு, ஆயுதம் தொடாத ராணுவ மாற்றுச் சேவையில் இருந்து திரும்பியவர்கள், மனித உரிமைக் குழு, பெண்கள் குழு. இவர்களில் பலர் ஞானஸ்நானமே பெறாதவர்கள். 1986 முதல் இந்த முறைவைப்பை ஒருங்கிணைத்தவர் லூக்கா ஆலயப் போதகர் கிறிஸ்டோஃப் வொன்னபெர்கர். அதே காலத்தில்தான் நிக்கோலாய் வாசலில் ‘அனைவருக்கும் திறந்தது’ என்ற பலகை ஏறியது.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன: செய்தி சொல்லும் நேரம். ஆற்றில் எந்த ஆலை எதைக் கொட்டுகிறது என்று பத்திரிகையில் வராத ஊரில், ஆலயத்தில் ஐந்து நிமிடம் தகவல் வாசித்தாலே அது அரசியல். வாசித்தபின் அதை எப்படி மன்றாட்டாக மாற்றுவது என்பது கைப்பழக்கம். நன்றாகச் செய்த வாரங்களில் தகவலும் வசனமும் ஒன்றை ஒன்று தொட்டன. மோசமான வாரங்களில் அறிக்கை வாசிப்புக்குப் பின் ஒரு பரமண்டல ஜெபம் ஒட்டவைத்ததுபோல் நின்றது. சபையில் குறை சொன்னவர்கள் எல்லோரும் கோழைகள் அல்லர். இந்த ஒட்டுவேலை அவர்கள் கண்ணில் பட்டது.

வேண்டாத விருந்தாளிகள்

1988 பிப்ரவரியில் ஃபியூரர் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வைத்தார்: ‘இந்த நாட்டில் வாழ்வதும் தங்குவதும்’. வந்தவர்களில் பலர் தங்க விரும்பாதவர்கள்! மேற்கு ஜெர்மனிக்குப் போக விண்ணப்பித்து, அதனால் வேலை இழந்து, அண்டை அயலாரால் ஒதுக்கப்பட்டு, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள். அடுத்த திங்களில் இருந்து ஜெபத்துக்கு நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கினார்கள்.

இவர்களை யாருக்கும் பிடிக்கவில்லை. ‘ஓடிப்போகிறவர்கள் தங்கள் விசாவுக்காக ஜெபத்தைப் பயன்படுத்துகிறார்கள்’ என்று சபையின் பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ‘நாட்டை மாற்ற நாங்கள் மல்லுக்கட்டுகிறோம், இவர்களோ கதவைத் தேடுகிறார்கள்’ என்று சீர்திருத்தக் குழுக்கள் கடுப்பானார்கள். அரசோ மாநிலப் பேராயர் யோஹன்னஸ் ஹெம்பெலிடம், ஜெபத்தை ஜெபமாக மட்டும் நடத்துங்கள் என்று நெருக்கியது. நம் ஊரில் பள்ளிக்கூட சீட்டுக்காக ஞாயிறு தவறாமல் வரும் குடும்பங்களைப் பற்றிச் சபைகள் பேசும் தொனி தெரியுமல்லவா, அதே தொனிதான். ஃபியூரர் நோக்கத்தை விசாரிக்கவில்லை. ‘அனைவருக்கும்’ என்று பலகை வைத்த பிறகு வாசலில் நின்று காரணம் கேட்க முடியாது.

ஆனால் 1988 ஆகஸ்டு இறுதியில் சபைத் தலைமை பின்வாங்கியது. நகரத் தலைமைப் போதகர் ஃப்ரீட்ரிஹ் மாகிரியுஸ், வொன்னபெர்கரை ஒருங்கிணைப்புப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். ஜெபத்தை இனிப் போதகர்கள் நடத்துவார்கள், குழுக்கள் வடிவமைக்கத் தேவையில்லை. ஜெபமே முழுதாக நின்றுபோவதைவிட இது மேல் என்பது தலைமையின் நியாயம். இந்த ஆய்வில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துப் பாடம் நடத்தச் சொன்னால் இதைத்தான் எடுக்க வேண்டும். முடிவு தவறு. அதற்குச் சொன்ன காரணம் நேர்மையானது. விளைந்ததோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்று.

தவறு எங்கே? கோளாறு ஒட்டுவேலையில் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு குழுவோடும் ஒரு போதகரை உட்காரவைத்து வாசகத்தையும் மன்றாட்டையும் சேர்ந்து தயாரித்திருக்கலாம். தலைமையோ ஆட்களையே கழற்றிவிட்டது. குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்து, ஜெபம் முடிந்தபின் ஆலய முற்றத்தில் நின்று தங்கள் அறிக்கைகளை வாசிக்கத் தொடங்கின. முற்றம் என்றால் ஆராதனைக்கு உள்ள பாதுகாப்பு இல்லாத இடம். எட்ட நின்று பார்க்கும் போலீஸ், கடைவீதியில் போகிற பொதுமக்கள். உள்ளே பேசவிடாததால் வெளியே பேசப் பழகினார்கள். ஓராண்டு கழித்து சுற்றுச்சாலை வரை நடந்த கூட்டத்தின் முதல் அடி அந்த முற்றத்தில் விழுந்தது. அதைச் சபையின் திட்டம் என்று யாரும் பெருமை கொண்டாட முடியாது.

1989 ஏப்ரலில் குழுக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்த முறை ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு போதகர் பொறுப்பு. முந்தைய ஆகஸ்டிலேயே இதைச் செய்திருக்கலாம்.

ஐந்து வாரங்கள்

1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் முடிவு திருத்தப்பட்டதைக் குழுக்கள் வாக்குச்சாவடிகளில் தாமே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தன. மறுநாள் திங்கள், ஆலயத்தைச் சுற்றிய தெருக்களைப் போலீஸ் அடைத்தது. கோடை விடுமுறைக்குப் பின் செப்டம்பர் 4 அன்று ஜெபம் மறுபடி தொடங்கியபோது லைப்சிக் வர்த்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மேற்கத்திய கேமராக்களுக்கு ஊருக்குள் அனுமதி இருந்த வாரம். முற்றத்தில் விரித்த பதாகையை ஸ்டாசி ஆட்கள் பிடுங்கியது அன்று மாலையே மேற்குத் தொலைக்காட்சியில் ஓடியது. அடுத்த திங்கள் கைதுகள். கைதானவர்களின் பெயர்களை ஆலய ஜன்னல் கம்பிகளில் கட்டி, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். மன்றாட்டில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். தகவலும் ஜெபமும் ஒட்டவில்லை என்ற பழைய குறை அங்கே தானாகத் தீர்ந்தது.

செப்டம்பர் 25 அன்று வொன்னபெர்கர் பிரசங்கித்தார். பட்டயத்தை எடுப்பவன் பட்டயத்தால் மடிவான் என்ற வசனத்தைக் கலாஷ்னிகோவ் துப்பாக்கி வரை நீட்டிச் சொன்னார். அன்று ஆயிரக்கணக்கானோர் முதல்முறையாகச் சுற்றுச்சாலைக்கு நடந்தார்கள். அக்டோபர் 2இல் இருபதாயிரம் பேர் அளவில். அக்டோபர் 7, குடியரசின் நாற்பதாம் ஆண்டு விழா நாளில், தடியடி.

அக்டோபர் 9க்கு முன் செய்த ஏற்பாடுகளை வரிசையாகப் பார்த்தால், எதுவுமே பெரிய வேலை அல்ல. ஒரே ஆலயத்தில் நெரிசல் என்பதால் தோமா ஆலயம், மிகாவேல் ஆலயம், சீர்திருத்த ஆலயம் ஆகியவற்றிலும் ஐந்து மணிக்கே ஜெபம். லூக்கா ஆலயத்தில் குழுக்கள் இரவெல்லாம் ஸ்டென்சில் உருட்டி இருபதாயிரத்துக்கு மேல் துண்டறிக்கை தயாரித்தன. அது கூட்டத்தை மட்டும் நோக்கிப் பேசவில்லை, எதிரே நிற்கும் காவலர்களையும் நோக்கிப் பேசியது: நாம் ஒரே மக்கள், நமக்குள் வன்முறை ஆறாத புண்ணை விட்டுச் செல்லும். பேராயர் ஹெம்பெல் ஆலயம் ஆலயமாகப் போய், வன்முறை வேண்டாம் என்று நேரில் சொன்னார். இசை நடத்துநர் குர்ட் மாசூர் உட்பட ஆறு பேரின் வேண்டுகோள் நாலு ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டு, தெரு ஒலிபெருக்கிகளிலும் ஒலித்தது. ஆறில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். கையெழுத்திட்ட இறையியலாளர் ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர் என்பது பின்னால் தெரியவந்தது. நன்மை எந்தக் கையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வசதியான நாளாக அது இல்லை.

மெழுகுவர்த்தியையும் அலங்காரமாக எண்ண வேண்டாம். திறந்த வெளியில் ஒரு கையால் பிடித்து, மறு கையால் காற்று மறைக்க வேண்டும். அப்புறம் கல் எடுக்கக் கை ஏது?

காவலுக்கு நின்றவர்கள் எண்ணாயிரம் பேர் அளவில். கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு; பெர்லினிலிருந்து தெளிவான உத்தரவு வரவில்லை; மாலை ஆறரை மணி தாண்டியதும் படைகள் ஒதுங்கின. அன்றிரவு மேற்குத் தொலைக்காட்சி நடந்ததை விசாரித்தது வொன்னபெர்கரின் தொலைபேசியில்தான். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 30 அன்று, அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. ஒரே மனிதரின் தோளில் எவ்வளவு பாரம் ஏற்றியிருந்தார்கள் என்பதற்கு அதற்குமேல் கணக்கு வேண்டியதில்லை.

பெஞ்சுகள் மறுபடி காலி

1989 டிசம்பர் 7 முதல் பெர்லினில் ஆட்சித் தரப்புக்கும் எதிர்க்குழுக்களுக்கும் இடையிலான வட்டமேசைப் பேச்சுகளை நடத்திக்கொடுத்தவர்கள் சபைப் பிரதிநிதிகள். 1990இன் முதல் சுதந்திரத் தேர்தலுக்குப் பின் போதகர்களான மார்க்குஸ் மெக்கல் கிழக்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சரும் ரைனர் எப்பெல்மான் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார்கள். ரோஸ்டாக் போதகர் யோவாகிம் கவுக் 2012இல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் குடியரசுத் தலைவரே ஆனார். இவ்வளவுக்குப் பிறகு மக்கள் ஆலயத்துக்குத் திரும்புவார்கள் என்று பலரும் நம்பினார்கள்.

திரும்பவில்லை. இன்று கிழக்கு ஜெர்மனி உலகிலேயே மத நம்பிக்கை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. உடனடிக் காரணம் ஒன்று நிர்வாகம். அதுவரை சபைகள் வீடு வீடாகத் தாங்களே கேட்டு வாங்கிய பங்களிப்பு, இரு ஜெர்மனிகளும் ஒன்றானபின் மேற்கு முறைப்படி அரசு பிடித்துக் கொடுக்கும் சபை வரியானது. சாக்சனியில் வருமான வரியில் ஒன்பது சதவீதம். பெயருக்கு உறுப்பினராக இருந்தவர் சம்பளச் சீட்டைப் பார்த்தார், விலகல் மனு கொடுத்தார். ஆழமான காரணம், நாற்பது ஆண்டில் வீட்டில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் பாட்டிமார் முடிந்துபோயிருந்தார்கள். ஆலயத்தில் கூடியவர்களுக்குக் கூரை தேவைப்பட்டது. ஊரே கூரையானபின் வேறெங்கும் பேசலாம்.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், சமூகப் பணியை உறுப்பினர் சேர்ப்பின் முன்பணமாக எண்ணுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுத்துவிட்டு, ஜனவரியில் எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று எண்ணும் அதே மனம். லைப்சிக்கில் அந்த எண்ணம் இருந்திருந்தால் ஞானஸ்நானம் பெறாத குழுக்களுக்கு ஒலிபெருக்கியே கிடைத்திருக்காது, அக்டோபர் 9ஆம் தேதியும் நடந்திருக்காது.

இதை அப்படியே நகலெடுக்க முயன்றவர்களும் சறுக்கினார்கள். கூட்டம் போடச் சுதந்திரம் உள்ள ஊரில் ஆலயக் கூரை அரிய பொருள் அல்ல. அந்த ஊரில் எது அரிது என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாதி பாராத ஒரே கல்லறைத் தோட்டம் இன்னும் அரிது. அதைக் கொடுக்க அரசு அனுமதியோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை, சபைக் கமிட்டியின் தீர்மானம் போதும். அதனால்தான் அது கடினம்.

ஃபியூரர் அடுத்த அரிய பொருளை 1991இலேயே கண்டுகொண்டார். ஆலைகள் வரிசையாக மூடி, லைப்சிக் மக்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். நிக்கோலாய் சபையின் முன்முயற்சியில் வேலையற்றோருக்கான ஆலோசனை மையம் தொடங்கியது. விண்ணப்பம் எழுதுவது, உதவித்தொகை உத்தரவில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்வது, கடன் கணக்கு. தொலைக்காட்சி கேமரா எதுவும் வரவில்லை. 2008இல் ஃபியூரர் ஓய்வுபெற்ற பிறகும் திங்கள் மாலை ஐந்து மணி ஜெபம் நிற்கவில்லை, வருகிறவர்கள் பழையபடி கொஞ்சம் பேர்தான்.